முதலாம் உலகப் போரில் துப்பாக்கித் தொலைநோக்கிகள்

முதலாம் உலகப் போரின் தொடக்கத்தில் பிரித்தானியப் படையிடம் தொலைநோக்கி பொருத்திய ரைபிள்கள் மிகச் சிலவே இருந்தன. 1915 இல் அவை போர்முனைக்கு வரத் தொடங்கின. எனினும் பலவற்றில் குண்டு குறிவைத்த இடத்தில் படவில்லை.

இதனை வெளிக்கொணர்ந்தவர்களுள் முக்கியமானவர் ஹெஸ்கெத்-பிரிச்சார்ட். 1876 இல் ஜான்சியில் பிறந்த இவர் வேட்டைக்காரர், எழுத்தாளர், ஹாம்ப்சயர் அணியின் துடுப்பாட்ட வீரரும்கூட. அகழிகளில் இருந்த துப்பாக்கிகளை இவர் சோதித்தபோது, கருவியைவிடக் கையாளுதலிலேயே குறை மிகுந்திருந்தது தெரிந்தது. தொலைநோக்கியைச் சரிசெய்யும் முறை வீரர்களுக்குக் கற்பிக்கப்படவே இல்லை. தாங்கியின் திருகு சற்றுத் தளர்ந்தாலும் குறி தவறிவிடும். ஒரு துப்பாக்கிக்கெனச் சரிசெய்ததை மற்றொன்றில் மாட்டினாலும் அதே கதிதான்.

மற்றொரு பிழை மேலிடத்துடையது. தோட்டாக் கோவையை மேலிருந்து செருக வேண்டும் என்பதற்காகத் தொலைநோக்கி குழலுக்கு இடப்பக்கம் தள்ளிப் பொருத்தப்பட்டது. ஒவ்வொரு குண்டாகக் காத்திருந்து சுடுபவருக்கு விரைவாகத் தோட்டா நிரப்பும் வசதி எதற்கு? பார்வைக் கோடும் குண்டின் பாதையும் பக்கவாட்டில் ஒரே தொலைவில்தான் சந்தித்தன. அதற்கு முன் குண்டு வலப்பக்கமும், அப்பால் இடப்பக்கமும் விலகியது. எஃகுத் தகட்டின் சிறு துளை வழியே சுடும்போது தகடே பார்வையை மறைத்தது.

1916 இல் பிரிச்சார்ட் லிங்கெம் என்னும் ஊரில் பயிற்சிப் பள்ளி நிறுவினார். இரண்டாம் உலகப் போரில் வந்த நான்காம் எண் லீ-என்பீல்டு ரைபிளில் தொலைநோக்கி குழலுக்கு மேலே அமைந்தது; அதற்குரிய தொலைநோக்கியின் எண் துப்பாக்கியின் மரக்கட்டையிலேயே பொறிக்கப்பட்டது.