லின்ஸ் நகருக்குப் போன தோட்டம்

1995 ஜூன் மாதம். தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஓர் அறைக்குள் இருந்த தோட்டம் இணையத்துக்கு வந்தது. வட்டமான தொட்டி, அதில் மண். நடுவே, தொழிற்சாலைகளில் பாகங்களை எடுத்துப் பொருத்தும் அடெப்ட்-1 ரக ரோபோ கை. கையின் நுனியில் ஒரு கேமரா. கென் கோல்ட்பெர்க், ஜோசப் சாந்தரொமானா இருவரும் ஒரு குழுவோடு சேர்ந்து உருவாக்கிய அந்தக் கலைப்படைப்பின் பெயர் டெலிகார்டன்.

அதற்கு முந்தைய ஆண்டு, மெர்க்குரி ப்ராஜெக்ட் என்ற படைப்பில், மணலுக்குள் புதைத்த பொருள்களை இணையம் வழியாக வருபவர்கள் ரோபோ கையால் காற்று ஊதித் தேடிப் பார்க்க வைத்திருந்தார் கோல்ட்பெர்க். தேடியவர் பார்த்துவிட்டுப் போய்விடலாம். செடி அப்படி விடாது. நாளைக்கும் வந்தாக வேண்டும்.

உறுப்பினராகச் சேர்ந்தவர் திரையில் ஓர் இடத்தைச் சொடுக்கினால் கை அங்கே நகரும். கேமரா ஒரு படம் எடுத்து அனுப்பும். தண்ணீர் ஊற்றச் சொன்னால் ஊற்றும். ஆனால் விதை உடனே கிடைக்காது. தோட்டத்துக்குத் தொடர்ந்து வந்து, பிறர் செடிகளுக்கும் தண்ணீர் விட்டவருக்கே ஒரு விதை ஊன்றும் உரிமை. ஒரே கை, ஒரே பாத்தி, முகமறியாத பல்லாயிரம் பேர். ஊருக்குப் போகிறவர்கள், தங்கள் செடியைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுமாறு மற்ற உறுப்பினர்களிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். பக்கத்து வீட்டில் சாவி கொடுத்துவிட்டுப் போகிற நம்பிக்கை அது. அந்த நம்பிக்கையை வளர்த்ததுதான் இந்தப் படைப்பின் பெரிய சாதனை என்று நினைக்கிறேன். முளைக்க நாளாகும் ஒன்றின் முன்னால் எல்லோரையும் காக்க வைத்ததால் அது நடந்தது.

1996 செப்டம்பரில் தோட்டம் ஆஸ்திரியாவுக்குப் போனது. லின்ஸ் நகரில், டான்யூப் ஆற்றங்கரையில், அப்போதுதான் திறக்கப்பட்ட ஆர்ஸ் எலெக்ட்ரானிகா மையம் அதன் புது வீடு. அங்கே நேரில் வந்தவர்களுக்கு வேறொரு காட்சி: ஆளே இல்லாமல் கை திரும்புகிறது, குனிகிறது, நீர் விடுகிறது. எந்த நாட்டிலோ யாரோ அந்தக் கணத்தில் இந்தச் செடியை நினைத்திருக்கிறார் என்பதற்கு அந்த அசைவு மட்டுமே சாட்சி.

தூரத்தில் இருப்பவருக்கோ அந்தச் சாட்சியும் இல்லை. திரையில் வருவது ஒரு படம்தான். தோட்டம் உண்மையிலேயே இருக்கிறதா, பழைய படங்களைக் காட்டி ஏமாற்றுகிறார்களா? இந்தச் சந்தேகத்தை கோல்ட்பெர்க் ஒதுக்கித் தள்ளவில்லை. தொலைவிலிருந்து பெறும் அறிவை எவ்வளவு நம்பலாம் என்று கேட்கும் கட்டுரைகளைத் தொகுத்து, 2000ஆம் ஆண்டில் 'தி ரோபோ இன் தி கார்டன்' என்ற நூலாகக் கொண்டுவந்தார். இருந்தும் ஜனங்கள் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தார்கள், 2004 ஆகஸ்டில் தோட்டம் நிறுத்தப்படும் வரை.

பின்னாளில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் கோல்ட்பெர்க்கின் குழு ஆல்ஃபாகார்டன் என்ற இன்னொரு ரோபோ தோட்டத்தை வளர்த்தது. எந்தச் செடிக்கு எவ்வளவு நீர் என்பதை அங்கே கணினி நிரலே கணக்கிட்டது. தண்ணீரை மிச்சப்படுத்தும் நல்ல ஆராய்ச்சி அது. ஆனால் ஊருக்குப் போகும்போது செடியைப் பார்த்துக்கொள்ளச் சொல்ல அங்கே யாருக்கும் யாரும் தேவைப்படவில்லை.