கேள் (வினைச்சொல்)

வினவுதல், செவிமடுத்தல், வேண்டுதல் ஆகிய பொருள்களைத் தரும் தமிழ் வினையடி. பேராதனைப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறையில் பணியாற்றிய எம். ஏ. நுஃமானின் ‘அடிப்படைத் தமிழ் இலக்கணம்’ (1999) போன்ற நூல்கள் இக்காலத் தமிழ் வினைகளை அறிய மிகவும் உதவும்.

கேட்கிறேன், கேட்டேன், கேட்பேன் எனக் காலம் காட்டும், வினையெச்சம் கேட்டு. ஏவலில் ஒருமை கேள், மரியாதையில் கேளுங்கள். எதிர்மறையில் கேட்காமல், கேளாமல் இரண்டும் வழங்கும். யாழ்ப்பாணப் பேச்சில் கேக்கிறன், கேட்டனான், கேப்பன்.

பொருளைப் பெரும்பாலும் தெளிவாக்குவது வேற்றுமை: ஆசிரியரிடம் கேட்டேன் என்றால் வினவல், பாட்டைக் கேட்டேன் என்றால் செவிமடுத்தல். ஆனால் ‘அவரைக் கேட்டேன்’ என்பதும் வினவலே. இங்கே சூழலையும் பார்க்கவேண்டும்.