அசார் செயலி

அசார் என்பது முன்பின் அறியாதவர்களைக் காணொளி அழைப்பில் இணைக்கும் தென்கொரியக் கைப்பேசிச் செயலி. இவ்வகை அரட்டைக்குக் கணினியே தொட்டில். 2009-இல் மாஸ்கோவைச் சேர்ந்த 17 வயது மாணவர் ஆந்திரே தெர்னோவ்ஸ்கி சாட்ரூலெட் தளத்தை உருவாக்கினார். எதிரில் யார் வருவார் என்று தெரியாது. பிடிக்காவிட்டால் ஒரு சொடுக்கில் அடுத்தவர். சில மாதங்களில் உலகெங்கும் பரவிய அத்தளம், ஆபாசக் காட்சிகளால் அதே வேகத்தில் பெயர் கெட்டது.

சியோலின் ஹைப்பர்கனெக்ட் நிறுவனம் இதே முறையை அசார் மூலம் கைப்பேசிக்குக் கொண்டுவந்தது. சொடுக்குக்குப் பதிலாக விரலால் திரையைத் தள்ளினால் போதும். எதிரில் வருபவரின் பாலினத்தைத் தேர்வுசெய்யக் கட்டணம். தற்செயலைக் காட்டி ஆள் சேர்த்த செயலி, அதைத் தவிர்க்கவே காசு வாங்கியது என்பது வேடிக்கைதான். 2021-இல் டிண்டரின் உரிமையாளரான அமெரிக்காவின் மேட்ச் குழுமம் ஹைப்பர்கனெக்ட்டைச் சுமார் 173 கோடி டாலருக்கு வாங்கியது. சாட்ரூலெட்டின் சமகாலத் தளமான ஒமேகிளோ, சிறார் பாலியல் கொடுமை தொடர்பான வழக்குகளுக்குப்பின் 2023 நவம்பரில் மூடப்பட்டது.