நூறு ரூபாய் நீதி

1907 இல் ஆங்கிலேய ஆட்சி இலங்கையில் மிருகவதைத் தடைக் கட்டளைச் சட்டத்தை இயற்றியது. அது விதித்த உச்சத் தண்டப்பணம் 100 ரூபாய். அன்றைய கூலியாளுக்கு அது பல மாத உழைப்பு. சட்டத்தின் கண்ணுக்கு எளிதில் அகப்படக்கூடியவன் தெருவில் மாட்டை அடித்த வண்டிற்காரனே.

அக்கால வட்டுக்கோட்டையில் முட்டை வளவில் மேய்ந்த கோழி இட்டது. உண்பவன் அக்கோழியை அறிவான். 1977 இன் திறந்த பொருளாதாரத்துக்குப் பின் கோழி வளர்ப்புப் பெருந்தொழிலாய் வளர்ந்தது. இன்று முட்டை தட்டுத் தட்டாகக் கடைக்கு வருகிறது. இட்ட கோழியை எவரும் காண்பதில்லை. கம்பிக்கூட்டில் ஒரு கோழிக்குக் கிடைக்கும் இடம் பெரும்பாலும் மாணவன் எழுதும் தாளினும் சிறிது.

பண்ணை விலங்குக்கு எழவும் படுக்கவும் திரும்பவும் இடம் வேண்டுமென்று 1965 இலேயே பிரித்தானியாவின் பிராம்பெல் குழு கூறியது. 2012 இல் ஐரோப்பிய ஒன்றியம் வெறுங்கம்பிக் கூடுகளைத் தடைசெய்தது. இங்கோ 2006 இல் சட்ட ஆணைக்குழு ஆக்கிய புதிய வரைவு ஆண்டுக்கணக்கில் சட்டமாகாது கிடந்தது. நூற்றாண்டு கடந்தும் தண்டம் நூறு ரூபாயாகவே நின்றது. இன்று அத்தொகைக்கு ஒரு தட்டு முட்டையும் வாராது.

ஏழை வண்டிற்காரனை நசுக்கிய தொகை பெருமுதலாளிக்குச் சில்லறை. தனிமனிதனின் கொடுமையைத் தண்டித்துத் தொழிலின் கொடுமையைக் காணாத சட்டம் அரைநீதியே. கடையில் விலையைக் கேட்கும் நாம், கூட்டின் கதையையும் கேட்கப் பழகுவோம்.