செவ்வாயில் ஒரு கிருஷ்ணன்

ஜியாலஜி படித்த காலத்தில் எங்களுக்குக் கிருஷ்ணன் என்றால் ஆள் இல்லை, புத்தகம். “கிருஷ்ணன் இருக்கா? ரெண்டு நாள்ல தந்துடறேன்” என்று விடுதியில் அறை அறையாய் அலைவோம். மகாராஜபுரம் எம்.எஸ்.கிருஷ்ணன் 1943இல் எழுதிய இந்திய, பர்மா நிலவியல் நூல் அது. 1851இல் வெள்ளைக்காரர்கள் தொடங்கிய இந்தியப் புவியியல் ஆய்வுத்துறைக்கு ஓர் இந்தியர் தலைவராக நூறு வருஷம் பிடித்தது. 1951இல் அந்த முதல் ஆள் இவர்தான்.

அந்தப் புத்தகத்தில் நெருப்பும் உண்டு, பனியும் உண்டு. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு பாய்ந்து பாய்ந்து அடுக்காக உறைந்தது தக்காணம். பனிக்குச் சாட்சி ஒடிசாவின் தால்ச்சேர். அங்கே பொடிமண்ணும் பெரும் பாறையும் ஒன்றாய்க் கலந்து கிடக்கின்றன. ஆறு என்றால் சலித்துப் பிரித்துப் போடும். பனியாறு அள்ளி வந்ததை அப்படியே கொட்டிவிடும். வெயில் கொளுத்தும் அந்த ஊரில் பனி இருந்திருக்கிறது என்று 1856இலேயே பிளான்ஃபோர்டு சகோதரர்கள் சொன்னார்கள்.

இந்தப் பாடம் 2025இல் செவ்வாய்க்குப் போனது. அங்கே 77 கி.மீ. அகலமும் 350 கோடி ஆண்டு வயதும் உள்ள பள்ளம் ஒன்றுக்குக் கிருஷ்ணன் பெயரைச் சர்வதேச வானியல் ஒன்றியம் ஏற்றது. கேட்டவர்கள் எங்கள் திருவனந்தபுரத்து வலியமலை விண்வெளிக் கல்வி நிறுவனத்து ஆய்வாளர்கள். அந்தப் பள்ளத்தில் பனியாறு நகர்ந்த தடத்தையும் பிறகு நீர் ஓடிய தடத்தையும் அவர்கள் கண்டிருந்தார்கள். பெரிய பள்ளத்துக்கு மறைந்த அறிவியலாளர், சிறியதற்குச் சிற்றூர், சிறு பள்ளத்தாக்குக்கு ஆறு என்பது பெயர் வைக்கும் வழக்கம். கூடவே 1963இல் முதல் ராக்கெட் கிளம்பிய தும்பா, வலியமலை, வர்க்கலை, பேக்கல், பெரியாறு என்று கேரளத்துப் பெயர்கள் எல்லாம் செவ்வாய் ஏறின.

வர்க்கலைக்கு அந்த உரிமை உண்டு. அதன் பெயரால் வழங்கும் பாறை அடுக்கில் ஜாரோசைட் என்ற மஞ்சள் கனிமம் இருக்கிறது. 2004இல் ஆப்பர்ச்சூனிட்டி ஊர்தி செவ்வாயில் கண்டதும் அதுவே. இரும்பும் கந்தகமும் அமில நீரும் சேர்ந்தால் உருவாவது. செவ்வாயின் கந்தகம் எரிமலை கக்கியது. அண்டார்க்டிகாவின் ஆழப் பனியிலும் 2021இல் அதே கனிமம் அகப்பட்டது. ஒரு சிட்டிகை மஞ்சளில் நெருப்பு, பனி இரண்டின் கைவரிசையும் இருக்கலாம்.

விடுதியில் இரவல் வாங்கிய கிருஷ்ணன் இன்னும் என் கரமனை வீட்டு அலமாரியில்தான் இருக்கிறது. கொடுத்தவன் இப்போது எந்த ஊரில் இருக்கிறானோ! கிருஷ்ணன் இருக்கும் இடம் மட்டும் தெரிந்துவிட்டது.