சூரியக் காற்றும் புவிக்காந்தப் பதிவுகளும்: ஒரு வரலாற்று நோக்கு

ஜொகூர் நீரிணைக்குத் தெற்கே, சிங்கப்பூரில், 1841 முதல் 1845 வரை காந்த ஆய்வுக்கூடம் ஒன்று இயங்கியது. சென்னைப் பொறியாளர் படையைச் சேர்ந்த கேப்டன் எலியட் அதன் பொறுப்பாளர். உலகின் பல இடங்களில் காந்த ஊசியின் அசைவை ஒரே காலத்தில் அளக்கும் பெருந்திட்டத்தில் இக்கூடமும் சென்னை, பம்பாய்க் கூடங்களும் இடம்பெற்றன. சில நாள்களில் மட்டும் ஊசி ஏன் பெரிதும் அலைந்தது என்பதற்கு அன்று விளக்கம் இல்லை. விளக்கமின்றி எழுதப்பட்ட அத்தகைய பதிவுகள் பின்னாளில் சான்றாகிய வரலாற்றை இங்கு நோக்குவோம்.

1859 செப்டம்பர் 1ஆம் நாள், இங்கிலாந்தில் கேரிங்டன் சூரியனில் ஓர் ஒளிவெடிப்பைக் கண்டார். மறுநாள் பம்பாய் கொலாபா ஆய்வுக்கூடத்தில் கிடைக்காந்தப்புலம் ஏறத்தாழ 1,600 நானோடெஸ்லா குறைந்தது.

இவ்விரண்டையும் இணைக்கும் பொருளை 1958இல் யூஜின் பார்க்கர் கணித்தார். சூரியனிலிருந்து மின்னூட்டத் துகள்கள் இடையறாது பெருவேகத்தில் வீசுகின்றன என்பது அவர் முடிவு. மதிப்பீட்டாளர் இருவரும் அக்கட்டுரையை மறுத்தனர். ஆய்விதழின் ஆசிரியரோ சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர். அக்கருத்து தமக்கு உவப்பில்லாதபோதும், கணக்கில் பிழை காணாமையால் அவர் அதனை வெளியிட்டார். 1962இல் மரைனர்-2 விண்கலத்தின் அளவீடுகள் பார்க்கரின் முடிவை உறுதிப்படுத்தின.

சூரியக் காற்று வழக்கமாக நொடிக்கு ஏறத்தாழ 400 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. புவியின் காந்த மண்டலம் அதனைப் பகற்புறத்தில் ஏறத்தாழ 65,000 கிலோமீட்டர் தொலைவில் தடுக்கிறது. காற்றின் அழுத்தம் மிகுந்தால் இவ்வெல்லை உட்சுருங்கும். காற்று சுமந்துவரும் காந்தப்புலம் தெற்கு நோக்கித் திரும்பினால், அது புவியின் புலத்தோடு பிணைந்து, ஆற்றல் உட்புக வழி திறக்கும். அப்போது புவியைச் சூழ்ந்தோடும் வளைய மின்னோட்டம் வலுப்பெற்று, நிலநடுக்கோட்டை அடுத்த நாடுகளில் கிடைக்காந்தப்புலத்தைக் குறைக்கும். ஆகவே, துருவ ஒளியைக் காண வாய்ப்பற்ற ஜொகூர் போன்ற நிலப்பகுதிகளிலும் காந்தப் புயலைக் கருவியால் உணரலாம்.

கொலாபாப் பதிவை 2003இல் ஆய்வாளர்கள் மீண்டும் ஆராய்ந்து 1859ஆம் ஆண்டுப் புயலின் வலிமையை மதிப்பிட்டனர். மின்கட்டமைப்பும் செயற்கைக்கோள்களும் எத்தகைய புயலைத் தாங்க வேண்டும் என்னும் இன்றைய வினாவிற்கு அம்மதிப்பீடு ஓர் அளவுகோலாயிற்று.

விளக்கம் கிடைக்காத பதிவையும் காத்துவைத்தல், உடன்பாடில்லாத கருத்தையும் பிழையற்றதாயின் வெளியிடுதல் ஆகிய இவ்விரு நெறிகளாலேயே இத்துறை வளர்ந்தது. மொழி, வரலாறு ஆகிய துறைகளில் பணிபுரியும் நமக்கும் இவை உரியனவே.