டிக்கெட் காசு: முதல் பைலட் வேலையை நேரில் தேடிப் போனவர்களின் கதை

இந்த வார எபிசோட் ஒரு கைமாத்து விஷயத்துல இருந்து ஆரம்பிக்குது.

என் சித்தி வீடு கோவிலம்பாக்கத்துல, மேடவாக்கம் மெயின் ரோட்டுல இருந்து உள்ளே போற ஒரு தெருவுல இருக்கு. மொட்டை மாடியில உட்கார்ந்து பேசினா நடுநடுவுல பேச்சை நிறுத்தணும். மீனம்பாக்கம் விமானச் சத்தம் அப்படி. சித்தி பையனுக்கு 23 வயசு. கமர்ஷியல் பைலட் லைசென்ஸ் வாங்கி ஒன்றரை வருஷம் ஆச்சு. லாக்புக்குல 200 மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல இருக்கு. வீட்டை வெச்சு வாங்கின கடனுக்கு மாசாமாசம் தவணை கட்டிக்கிட்டு இருக்காங்க. வேலை மட்டும் இன்னும் வரல.

போன மாசம் ஒரு நாள் கேட்டான்: "அண்ணா, ஒரு டிக்கெட் காசு தர்றியா? போட்ஸ்வானா போறேன். மெயில் போட்டா யாரும் பதில் போடல. நேர்ல போய் நின்னா வேலை கிடைக்கும்னு சொல்றாங்க."

நான் உடனே சரின்னும் சொல்லல, முடியாதுன்னும் சொல்லல. "ஒரு வாரம் டைம் குடு"ன்னு சொல்லிட்டு, எனக்குத் தெரிஞ்ச ஒரே வேலையைச் செஞ்சேன். படிக்க ஆரம்பிச்சேன். நேர்ல போய் நின்னு பைலட் வேலை வாங்கினவங்க யாரு? அவங்க கையில என்ன இருந்தது?

முதல்ல அவன் சொன்ன விஷயத்தைப் பார்ப்போம். புஷ் பைலட்னா, பெரிய விமான நிலையம் இல்லாத இடங்களுக்குச் சின்ன விமானம் ஓட்டுறவர். ஓடுதளம் மண்ணா இருக்கும், புல்லா இருக்கும். கனடாவுல அது ஏரியாவும் இருக்கலாம், உறைஞ்ச ஏரியாவும் இருக்கலாம். போட்ஸ்வானாவின் வடக்கே மாவுன் என்று ஓர் ஊர். ஒகவாங்கோ டெல்டாவுக்கு அதுதான் வாசல். ஆத்துத் தண்ணி கடலுக்குப் போகாம, நிலத்திலேயே பரவி நிக்கிற பெரிய சதுப்பு அது. அதுக்குள்ள இருக்கற விடுதிகள் பலவற்றுக்கு ஒழுங்கான சாலை கிடையாது. செஸ்னா 206, செஸ்னா கேரவன் மாதிரி சின்ன விமானங்கள்தான் அங்கே ஷேர் ஆட்டோ. சுற்றுலா சீசன் சூடு பிடிக்கிறதுக்கு முன்னாடி, புதுசா லைசென்ஸ் வாங்கின பசங்க பயோடேட்டாவோட வந்து இறங்கி, ஒவ்வொரு கம்பெனிக் கதவா தட்டுவாங்க. இது அங்கே பல வருஷமா நடக்கற வழக்கம்.

கனடாவின் வடக்கு ஊர்களில் இன்னொரு வழக்கம். அங்கே போய் நின்னா முதல் நாளே விமானத்துல உட்கார வைக்க மாட்டாங்க. சரக்கு ஏத்தணும், எரிபொருள் நிரப்பணும், இறக்கை மேல படிஞ்ச பனியைத் தள்ளணும். மாசக் கணக்குல, சில சமயம் வருஷக் கணக்குல அந்த வேலை. அப்புறம்தான் சீட்.

ஏன் நேர்ல வரணும்? இதுக்கு நியாயமான காரணம் இருக்கு. அந்த விமானத்துல பைலட் ஒருத்தர்தான். பக்கத்துல சொல்லிக்கொடுக்க சீனியர் கேப்டன் இல்லை. பயணிகளோட பெட்டியைத் தூக்கி வைக்கிறதும் அவர்தான், "இதுக்கு மேல எடை ஏத்த முடியாது"ன்னு சிரிச்ச முகத்தோட மறுக்கிறதும் அவர்தான். இந்தக் குணம் பயோடேட்டாவுல தெரியாது. அதோட இந்தச் சின்னக் கம்பெனிகள்ல வேலை திடீர்னுதான் காலியாகும். ஒருத்தர் பெரிய ஏர்லைனுக்குப் போயிட்டார்னா அடுத்த வாரமே ஆள் வேணும். அப்போ ஊர்லயே இருக்கறவன் கண்ணுல படுவான்.

சரி. இப்போ நம்ம ஊர் வரலாறு.

கோவிலம்பாக்கத்துல இருந்து ரேடியல் ரோட்டுல மேற்கே போனா பல்லாவரம். 1910-ல் அங்கே ஒரு விமானம் சோதனை பண்ணாங்க. ஜியாகோமோ டி ஏஞ்சலிஸ்னு மவுண்ட் ரோட்டுல ஹோட்டல் நடத்தினவர், தன் டிசைன்படி சிம்ப்சன் கம்பெனியில விமானம் செய்யச் சொல்லி, பல்லாவரத்துல ஓட்டிப் பார்த்து, அப்புறம் தீவுத்திடல்ல காசு வாங்கிக்கிட்டு ஜனங்களுக்குக் காட்டினார். அன்னிக்கு இந்தியாவுல 'பைலட் வேலை'ன்னு ஒண்ணு கிடையாது. பறக்கணும்னா சொந்தக் காசுல விமானம் செய்யணும்.

கிட்டத்தட்ட 20 வருஷம் கழிச்சு, 1929-ல், ஓர் ஆள் இந்தியாவுக்கு வேலை தேடி வந்தார். பேர் நெவில் வின்சென்ட். தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர். பிரிட்டிஷ் விமானப்படையில் இருந்து, டி.எஃப்.சி. பதக்கம் வாங்கி, வெளியே வந்தவர். நியூவால் என்ற நண்பரோடு, முதல் உலகப் போரில் மிச்சமான டி.எச்.9 ரக விமானங்களை ஓட்டிக்கொண்டு வந்தார். ஊர் ஊரா இறங்குறது, காசு கொடுக்கறவங்களை ஏத்திக்கிட்டு வானத்துல ஒரு சுத்து சுத்திக் காட்டுறது. இதுதான் பொழைப்பு. திருவிழா ராட்டினம் மாதிரின்னு வெச்சுக்கோங்களேன்.

ஆனா அந்த ஊர்சுத்தல்ல அவருக்கு வேற ஒண்ணு கண்ணுல பட்டது. அதே 1929-ல்தான் லண்டனிலிருந்து கராச்சி வரை இம்பீரியல் ஏர்வேஸ் தபால் விமானம் ஓட ஆரம்பித்தது. லண்டன்ல இருந்து பறந்து வந்த கடிதம், கராச்சியில இறங்கி ரயில் ஏறி, ஆடி அசைஞ்சு மெட்ராஸ் வரும். இந்த மிச்ச தூரத்தையும் விமானத்திலேயே கொண்டு போனா என்ன?

வின்சென்ட் இந்த யோசனையை முதலில் ஹோமி மேத்தா என்ற பம்பாய் தொழிலதிபரிடம் கொண்டுபோனார். அவருக்கு ஆர்வம் இல்லை. அடுத்து ஜே.ஆர்.டி. டாடாவிடம் போனார். ஜே.ஆர்.டி. அந்த வருஷம் பிப்ரவரியில்தான் இந்தியாவில் வழங்கப்பட்ட முதல் பைலட் லைசென்ஸை வாங்கியிருந்தார். அவருக்கு யோசனை உடனே பிடித்துவிட்டது. கம்பெனித் தலைவர் தோராப்ஜி டாடாவைச் சம்மதிக்க வைக்க, ஜான் பீட்டர்சன் என்ற இயக்குநர் துணை நின்றார். அப்புறம் அரசாங்கத்தோட இழுபறி. மானியம் தர முடியாதுன்னாங்க. கடைசியில் மானியமே வேண்டாம்னு டாடா ஒத்துக்கிட்டு, 1932-ல் ஒப்பந்தம் கையெழுத்தாச்சு.

1932 அக்டோபர் 15. கராச்சியிலிருந்து ஒரு புஸ் மாத் விமானத்தை ஜே.ஆர்.டி. ஓட்டிக்கொண்டு அகமதாபாத் வழியாக பம்பாய் ஜூஹுவில் இறங்கினார். அகமதாபாத்தில் எரிபொருள் நாலு கேலன் டின்களில், மாட்டு வண்டியில் வந்தது. பம்பாயிலிருந்து தபாலை வாங்கிக்கொண்டு, பெல்லாரி வழியாக மெட்ராஸுக்குப் பறந்தவர் நெவில் வின்சென்ட். ரேடியோ கிடையாது, வழிகாட்டும் கருவி கிடையாது. ஜூஹு ஓடுதளம் மழைக்காலத்துல சேறாகிடும். புஷ் ஃப்ளையிங்குக்கு நாம சொன்ன எல்லா லட்சணமும் இதுல இருக்கு. இன்னிக்கு ஏர் இந்தியான்னு நாம சொல்றதோட தொடக்கம் இதுதான்.

இதைப் படிச்சதும் சித்தி பையனுக்கு அப்பவே போன் போட்டு, "கிளம்புடா"ன்னு சொல்லணும்னுதான் தோணுச்சு. ஒருத்தன் நேர்ல வந்து நின்னான், ஒரு தேசத்தோட விமானப் போக்குவரத்தே பிறந்துச்சுன்னு சொல்றது எவ்வளவு நல்லா இருக்கு!

ஆனா மறுபடி ஒரு தடவை நிதானமா படிச்சுப் பாருங்க. வின்சென்ட் வெறுங்கையோட வரல. விமானத்தோட வந்தார். படைப்பிரிவில் பறந்த அனுபவம் இருந்தது, பதக்கம் இருந்தது. பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்துக்குள்ள விசா கேட்டு யாரும் அவரை நிறுத்தல. முதல் கதவு மூடினதும் இரண்டாவது கதவுக்குப் போக அவருக்கு நேரமும் சாப்பாட்டுக்கு வழியும் இருந்தது. எல்லாத்தையும் விட முக்கியம், "எனக்கு வேலை குடுங்க"ன்னு அவர் கேட்கல. "உங்க கிட்ட இல்லாத ஒரு வழி எனக்குத் தெரியும்"னு சொன்னார்.

நேர்ல போயும் கதவு திறக்காதவங்க? அவங்கள்ல ஒருத்தரைப் பத்தி நமக்குத் தெரியும். பிரேம் மாத்தூர். 1947-ல் அலகாபாத் ஃப்ளையிங் கிளப்பில் கமர்ஷியல் லைசென்ஸ் வாங்கினார். அந்தச் சமயத்தில் வேலைக்குப் பஞ்சமில்லை. போரில் மிச்சமான டகோட்டா விமானங்கள் மலிவா கிடைச்சதால, இந்தியா முழுக்கப் புதுப்புது விமானக் கம்பெனிகள் முளைச்சிருந்தன. பிஜு பட்நாயக்கின் கலிங்கா ஏர்லைன்ஸ் மாதிரி கம்பெனி பின்னாடி வடகிழக்கு மலைகள்ல, சாலையே இல்லாத ஊர்களுக்கு வானத்துல இருந்து அரிசி மூட்டை போட்டது. இந்தியாவின் அசல் புஷ் ஃப்ளையிங்னா அதுதான். அப்படி ஆள் தேவைப்பட்ட காலத்திலும், எட்டு கம்பெனிகள் பிரேம் மாத்தூரை நிராகரித்தன. காரணம், அவர் பெண். கடைசியில் ஹைதராபாத் டெக்கான் ஏர்வேஸ் அவரை எடுத்துக்கொண்டது. இந்தியாவின் முதல் பெண் கமர்ஷியல் பைலட் ஆனார்.

நம்ம பக்கத்துல உஷா சுந்தரம். அவர் கணவர் வி. சுந்தரம் மெட்ராஸ் ஃப்ளையிங் கிளப்பில் பயிற்சியாளராக இருந்தவர், அப்புறம் மைசூர் மகாராஜாவின் பைலட். உஷா 1949-ல் பெங்களூரு ஜக்கூர் அரசு விமானப் பயிற்சிப் பள்ளியில் தேர்ச்சி பெற்றார். 1950-ல் மெட்ராஸ் அரசாங்கம் வாங்கிய டவ் விமானத்தைக் கொண்டுவர இருவரும் கப்பலேறி இங்கிலாந்து போய், லண்டனிலிருந்து பம்பாய்க்குச் சுமார் 27 மணி நேரத்தில் ஓட்டிவந்தார்கள். அந்த ரக விமானத்தில் அது சாதனை. ஆனா யோசிச்சுப் பாருங்க: விமானக் கொட்டகைக்குள்ள நுழைய, உஷாவுக்கு வீட்டிலேயே ஒரு வழி இருந்தது. அந்த வழி இல்லாத, அவரை மாதிரியே திறமை உள்ள மெட்ராஸ் பொண்ணு எத்தனை பேர்?

1953-ல் நிலைமை மறுபடி மாறியது. எட்டு உள்நாட்டுக் கம்பெனிகளையும் சேர்த்து அரசாங்கம் இந்தியன் ஏர்லைன்ஸ் ஆக்கியது. பல சம்பளப் பாக்கிகளுக்கும் பாதுகாப்புக் குறைகளுக்கும் அது முடிவு கட்டியிருக்கலாம். ஆனா வேலை தேடுறவங்களுக்கு, தட்டுறதுக்கு இருந்த எட்டுக் கதவு ஒரே கதவாச்சு. ஒரு பெரிய கதவுல விண்ணப்பம், தேர்வு, பட்டியல் இருக்கும். அங்கே நேர்ல போய் நிக்கிறதுக்கு மதிப்பு இல்லை. சின்னக் கதவுகள் பல இருக்கிற இடத்துலதான் நிக்கிறதுக்கு மதிப்பு. 1929 பம்பாய்க்கும் இன்னிக்கு மாவுனுக்கும் இருக்கற ஒற்றுமை இதுதான்.

சித்தி பையன் சொன்னது தப்பில்லை. ஆனா "நேர்ல போனா கிடைக்கும்"னு சொல்றவங்க எல்லாருமே கிடைச்சவங்க. கிடைக்காம திரும்பினவங்க வீடியோ போடுறதில்லை. வரலாறும் அப்படித்தான், ஜெயிச்சவங்க லாக்புக்கைத்தான் பத்திரமா வெச்சிருக்கு. கிடைக்காம திரும்பினவங்க காசு எங்கே போச்சு, எந்த வீடு கடன்ல முழுகிச்சுன்னு அதுல பதிவு இருக்காது. எங்க சித்தி வீடு அந்தப் பதிவில்லாத பட்டியல்ல சேர்ந்துடக் கூடாதுங்கறதுதான் என் பயம்.

ஒரு வாரம் கழிச்சு மறுபடி அதே மொட்டை மாடி. வின்சென்ட் கதையைச் சொன்னேன். அவன் நிதானமா கேட்டான். அப்புறம், "என்கிட்ட விமானம் இல்லையே அண்ணா"ன்னான்.

"விமானம் வேண்டாம். ஆனா கையில ஏதாவது இருக்கணும்ல?"

உட்கார்ந்து எழுதினோம். நம்ம லைசென்ஸ் இன்னொரு நாட்டுல நேரடியா செல்லாது. அந்த நாட்டு விமானத்துறை அதை ஏற்கணும், அதுக்கு என்ன பரீட்சை, எவ்வளவு கட்டணம்னு முதல்ல எழுத்துல பதில் வாங்கணும். வேலை அனுமதி யார் எடுத்துத் தருவாங்கன்னு கேட்கணும். மூணு மாசம் அங்கே தங்க ஆகற செலவு தனியா இருக்கணும். சும்மா நின்னு காத்திருக்கிறதுக்குப் பதிலா பெட்டி தூக்க, ஆபீஸ்ல கணக்கு எழுதத் தயார்னு சொல்லணும், ஆனா அதுக்கும் அனுமதி வேணுமான்னு விசாரிக்கணும். எந்தத் தேதிக்குள்ள எதுவும் நடக்கலைன்னா திரும்பறோம்னு இங்கேயே, சித்தி முன்னாடி முடிவு பண்ணணும்.

அந்தக் கடைசி வரியை எழுதும்போது அவன் முகம் சுருங்குச்சு. "போறதுக்கு முன்னாடியே தோத்துடுவேன்னு சொல்றியா?"

"இல்லடா. பிரேம் மாத்தூர் எட்டு இடத்துல முடியாதுன்னு கேட்டாங்க. ஒன்பதாவது இடத்துக்குப் போகத் தெம்பு மிச்சம் இருந்தது. அந்தத் தெம்பை மாவுன்லயே செலவழிச்சுடாதேன்னு சொல்றேன்."

கீழே இருந்து சித்தி காபி குடிக்கக் கூப்பிட்டாங்க. இறங்கினோம்.

காசு கொடுத்தேனான்னுதானே கேட்கறீங்க? பதில் கடிதங்கள் வந்ததும் தர்றேன்னு சொல்லியிருக்கேன். ரெண்டு மெயில் போட்டிருக்கான், ஒண்ணுக்குப் பதில் வந்தாச்சு. தரும்போது போறதுக்கும் வர்றதுக்கும் சேர்த்து, ரெண்டு டிக்கெட்டா தரப் போறேன்.

அடுத்த வாரம் சந்திப்போம்.